அன்புள்ள கீதாவுக்கு

என் அப்பா ஒரு புரட்சிக்காரர். இதைக் கேள்விப்பட்டதும் சில பேர் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும். அவர்கள் வீட்டுக் கதவையா போலீஸ் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தது?

அருள்குமாரும் அப்படிக் கும்பிட்டபடிதான் வந்தான். ஆவாரம்பாளையத்தில் எனக்கு ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறை இருக்கிறது. எரிந்துபோன மோட்டாரில் பழைய காயில் சுற்றை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்போம். அன்றைக்கு ஒரு தோட்டத்து மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுக் கம்பி திணித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜோல்னாப் பையும் கண்ணாடியுமாக வந்து நின்றான்.

"ஏனுங்கம்மா, தோழர் கண்ணையாவோட மக கோமளா நீங்கதானுங்களா?"

"கோமளா நான்தான். மத்ததெல்லாம் ஊர்ல சொல்றது. உள்ள வாங்க, கம்பியை மிதிச்சுப்போடாதீங்க."

கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறானாம். அப்பாவின் கடிதங்களைத் தேடித் திரட்டி ஒரு புத்தகமாகக் கொண்டுவருகிறானாம். மேடைப் பேச்சில் தெரியாத மனிதர் கடிதத்தில் தெரிவார் என்றான். வாரிசு என்ற முறையில் என் சம்மதம் வேண்டும், அப்படியே எனக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருந்தால் அதுவும் வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல.

"எனக்கா? ஒரு துண்டுக் காயிதம் வரலைங்க கண்ணு. செத்த சேதியே மூணாவது மனுசன் வந்து சொல்லித்தான் தெரியும்."

அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பருத்திக்காடும் கிணறும் இருந்த நாயுடு குடும்பத்தில் பிறந்தார். பங்காளியின் மில்லுக்குள்ளேயே சங்கம் கட்டினார். பிறகு சங்கம் போதாது, துப்பாக்கிதான் வழி என்று சொன்ன கூட்டத்தோடு சேர்ந்தார். எமர்ஜென்சி வந்த வருடம் ஒரு ராத்திரி பின்கட்டு வழியாக ஓடி, ரயில் பாதையைத் தாண்டி இருட்டுக்குள் போனார். எனக்கு எட்டு வயது. இரண்டு வருடம் கழித்து எங்கேயோ ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையில், மஞ்சள்காமாலைக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் செத்துப்போனார். பிணத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

எனக்கு அவரிடம் சொத்தா வேண்டியிருந்தது? போன இடத்தில் என்னை ஒரு நாளாவது நினைத்தாரா என்று தெரிந்தால் போதும். அதற்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தபால்காரர் வந்தாரா என்று கேட்பேன். அப்புறம் கேட்பதை விட்டேன். எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன் என்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது பொய்.

அம்மா ரங்கநாயகிக்கு அப்பாவின் பேரைக் கேட்டாலே ஆகாது. அவர் ஓடியபிறகு என்னைக் காரமடைக்குத் தாய்மாமன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கேயும் போலீஸ் வந்தது. தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போய் அடித்த அடியில் அவருக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று. அதற்கு அடுத்த வாரம் பச்சைத் துண்டு போட்ட ஓர் ஆள் முருங்கைக்காய்க் கட்டோடு வாசலில் வந்து நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. "கண்ணையா அனுப்புனாருங்க" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். அந்த மனுசன் பேரைச் சொல்லிக்கொண்டு எவனும் இந்தப் படி ஏறக்கூடாது, எங்களைச் சாகடித்துவிட்டுத்தான் ஓய்வீர்களா என்று கேட்டார். அந்த ஆள் மடியிலிருந்து எதையோ எடுக்கப்போன கையை அப்படியே நிறுத்தினார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். முருங்கைக்காயைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதை எடுத்து எருமைக்குப் போட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒத்தையாளாக என்னை வளர்த்தார். "உங்கப்பனுக்கு ஊர்ப் பிள்ளைகதான் பிள்ளைக. நம்மளை எல்லாம் மறந்தே போச்சு" என்பார். நானும் நம்பினேன். போன தையில் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அருள்குமார் பையிலிருந்து ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்தான்.

"பாதிக் கடுதாசி கமிட்டிக்கு எழுதுனதுங்கம்மா. அதுல ஒரு பேரும் நெசமில்லைங்க. தலைமறைவுல அது ஒரு கட்டுப்பாடு. கடுதாசி எந்த ஊடு வழியாப் போகுதோ, அந்த ஊட்டு ஆள் பேரைப் போட்டுத்தான் எழுதுவாங்க. நடுவால போலீஸ் சோதனை போட்டாலும், சொந்தக்காரங்க எழுதுன கடுதாசின்னு நெனைச்சுக்கிட்டுப் போயிருவாங்க பாருங்க. எந்தப் பேரு யாரைக் குறிக்குதுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சுங்க."

பெருமை அவன் முகத்தில் வழிந்தது. எனக்கு அதெல்லாம் கதை கேட்பதுபோல இருந்தது.

"மீதிப் பாதி?"

"அதுதானுங்க இந்தப் புத்தகத்தோட உசுரே. வெள்ளகோவில்ல நஞ்சுண்டன்னு ஒரு கவுண்டர் ஊட்டுல கொஞ்ச நாள் ஒளிஞ்சிருந்தாரு. அவரு மக கீதாவுக்கு எழுதுனது. ஏழு வயசுப் புள்ளைங்க அப்போ. அந்தப் பேரு மட்டும் நெசம். கொழந்தைகிட்ட என்னங்கம்மா ரகசியம்?"

மேலாக இருந்த தாளைப் பார்த்தேன். அப்பாவின் எழுத்து. மளிகைச் சிட்டையில் பார்த்த அதே சாய்வு எழுத்து. 'அன்புள்ள கீதாவுக்கு, மாமா நலம். நீ நலமா? பல்லு முளைத்ததா?'

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆங்காரம். சொந்தப் பிள்ளை செத்தாளா இருக்கிறாளா என்று கேட்க நேரமில்லை, எவன் வீட்டுப் பிள்ளைக்கோ பல் முளைத்ததா என்று விசாரிப்பு! மேற்கொண்டு ஒரு வரி படிக்கவில்லை. கட்டை அப்படியே மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். பட்டறையில் கம்பி சுற்றும் புவனா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"அந்த அம்மணி இன்னும் இருக்கறாளா?"

"இருக்கறாங்க. ஒடம்பு ரொம்பச் சரியில்லைங்க. ஈரல்ல புத்துநோய். போட்டோ எடுக்க ஞாயித்துக்கிழமை போறேன்."

"நானும் வாரேன்."

எதற்கு வருகிறேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் அப்பாவை எடுத்துக்கொண்டவளின் மூஞ்சியைப் பார்க்க என்று சொல்லியிருப்பேன்.

* * *

காங்கயம் தாண்டியதும் காடுகள் காய்ந்து கிடந்தன. அருள்குமார் கார் ஓட்டிக்கொண்டே அப்பாவின் வாழ்க்கையை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். கண்ணையா என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், எந்தத் தோழரோடு எதற்குச் சண்டை. என்னைவிட அவனுக்கு நிறையத் தெரிந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளகோவிலில் ஒரு சந்துக்குள் வீடு. இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும் சத்தம், சுவரில் கை வைத்தால் அதிர்ந்தது. கீதாவின் அண்ணன் மகள் மோகனப்பிரியா கதவைத் திறந்தாள். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் நான் கொண்டுவந்த கோபம் பாதி எங்கேயோ போய்விட்டது. தலையில் முடி இல்லை. கண் மஞ்சளித்திருந்தது. வயிறு மட்டும் வீங்கியிருந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"அக்கா வாங்க, வாங்க. எந்திரிச்சு நிக்க முடியலைங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று கை கூப்பினாள். "மாமாவோட மூக்கு அப்படியே உங்களுக்கு இருக்குதுங்க. எங்க ஊட்டு அட்டாலியில ஒளிஞ்சிருந்தப்போ ஒருக்காத்தான் பாத்திருக்கறேன், ஆனா மறக்கலை."

உட்கார்ந்தேன். மோகனப்பிரியா காப்பி கொண்டுவந்தாள். கீதா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தறிக்குப் போகும் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்து முப்பது வருடமாக இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சுவர் நிறைய அந்தப் பிள்ளைகளின் போட்டோ. ஒருத்தி நர்ஸ், ஒருவன் வக்கீல்.

"எல்லாம் மாமா எழுதுன கடுதாசிதானுங்க்கா" என்றாள். "இல்லாட்டி நானும் பத்தோட பதினொண்ணா எங்கயாச்சும் தறிக்குத்தான் போயிருப்பேன். என்னையும் ஒரு ஆளா மதிச்சு ஒருத்தரு எழுதியிருக்கறாரே, அதுக்குத் தக்கன நடக்கோணும்னு."

"கடுதாசி எப்படி வந்துச்சு?" குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்தது.

"எங்கப்பாகிட்டத்தானுங்க ஆளுக கொண்டுவந்து குடுப்பாங்களாம். எனக்கு அப்பத் தெரியாது. எழுதறவரு எங்க இருக்கறாருன்னு யாருக்கும் தெரியாதாம், பதில் போடவும் வழியில்லை. அப்புறம் அப்பாவை, அவரு எப்பவும் போடற பச்சைத் துண்டாலயே கையைக் கட்டிப் போலீஸ் புடிச்சுட்டுப் போயிருச்சு. திரும்பி வந்தப்போ பேச்சு இல்லைங்க. மண்டையில அடி. பன்னண்டு வருசம் வாய் பேசாமலே இருந்து போயிட்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அம்மா சென்னியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பருத்தி மூட்டைக்குள்ள கடுதாசிக் கட்டு கெடந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன், எம் பேரு போட்டிருந்துச்சு. 'உனக்குத்தான் போல கண்ணு, வெச்சுக்கோ'ன்னு அம்மா குடுத்துட்டாங்க. அப்பாகிட்டக் காட்டுனேன். அவரு அழுதாரு. கையைக் கையை ஆட்டுனாரு. சந்தோசம்னு நெனைச்சுக்கிட்டேன்."

பேச்சற்ற ஓர் ஆள் கையை ஆட்டியதை நான் மனதில் பார்த்தேன். அதற்குள் அருள்குமார் குறுக்கே வந்தான்.

"அந்த ரயில் கடுதாசியைச் சொல்லுங்க்கா. அம்மா கேக்கட்டும்."

கீதா கண்ணை மூடிக்கொண்டாள். தாளே வேண்டியிருக்கவில்லை அவளுக்கு.

"'அன்புள்ள கீதாவுக்கு, மாமா நலம். ராத்திரி ரயில் கூவும்போது காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்காதே. ரயில் யாரையும் பிடிக்க வருவதில்லை. அதன் பாட்டுக்கு அது ஊருக்குப் போகிறது. அது கூவினால் நீயும் கூடச் சேர்ந்து கூவு. பயம் போய்விடும்.'" கண்ணைத் திறந்து சிரித்தாள். "இதுல வேடிக்கை என்னன்னாக்கா, எங்கூருக்கு ரயிலே கெடையாது. அப்ப நான் ரயிலைக் கண்ணுலகூடப் பாத்ததில்லை. ஆனா அதைப் படிச்சதுக்கப்புறம் எனக்கு நெசமாலுமே ரயிலுன்னா பயம் வந்திருச்சுங்க. மாமா எழுதிட்டாரே, அப்ப எனக்குப் பயம் இருக்கத்தானே வேணும்?"

காப்பித் தம்ளர் என் கையில் சூடாக இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

எங்கள் பழைய வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது நான். வயிற்றைப் பிடித்து என்னை வெளியே இழுத்தது அப்பா.

"களி புடிக்காதுன்னு எழுதியிருப்பாரு" என்று கீதா தொடர்ந்தாள். "'களி பிடிக்காவிட்டாலும் ரெண்டு உருண்டை தின்னு, உடம்புக்கு நல்லது'ன்னு. எனக்கு ராகிக்களின்னா உசுருங்க. ஆனா அவரு சொல்லிட்டாருன்னு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே தின்னு பழகுனேன். கடைசியில நெசமாவே புடிக்காமப் போயிருச்சு. மோகனா, அந்த அட்டைப்பொட்டியைக் குடு கண்ணு. அருளு தம்பி போட்டோவுக்குப் பின்னால எம் பேரு எழுதோணும்னு சொன்னாரு."

பேனாவை வாங்கி இடது கையால் எழுதினாள்.

கோணலான எழுத்து. பிறவியிலேயே இடது கைக்காரர்கள் பேனாவைப் பிடிக்கும் விதம் எனக்குத் தெரியும், அது வேறு. இது வலுக்கட்டாயமாகப் பழக்கிய கை.

"நீங்க ஒரட்டாங்கைக்காரியா அம்மணி?"

"இல்லீங்க்கா. அதையும் கேளுங்க." மறுபடி கண்ணை மூடினாள். "'நீ இடது கையால் எழுதுவதற்காக டீச்சர் அடித்தால் அழாதே. எந்தக் கையில் எழுதினால் என்ன, எழுதுவது நேராக இருந்தால் போதும். யார் என்ன சொன்னாலும் அந்தக் கையை விட்டுவிடாதே. மாமா வந்ததும் நீ எழுதியதையெல்லாம் பார்ப்பேன்.' நான் சோத்தாங்கையிலதானுங்க எழுதிக்கிட்டிருந்தேன். மாமா ஞாபகமறதியா எழுதிட்டாரு போல. ஆனா வந்தா பாப்பேன்னு சொல்லியிருக்கறாரே. அவரு வர்றதுக்குள்ள மாத்திப்போடலாம்னு ராவும் பகலுமா இடது கையில எழுதிப் பழகிட்டேன். டீச்சர் அடிச்சாங்க. அந்தக் கையை நான் விடலையே."

"இதை நான் முன்னுரையில விளக்கியிருக்கறேங்கம்மா" என்றான் அருள்குமார். "ஏழு வயசுக் கொழந்தைக்குக்கூட அரசியலை எவ்வளவு நாசூக்காச் சொல்றாரு பாருங்க."

அவனை அறையலாம்போல இருந்தது.

என் இடது கையைக் காரமடைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். வீட்டிலும் கட்டினார்கள். ஒரு வருடத்தில் வலது கைக்கு மாறினேன். இன்றைக்கும் மோட்டாருக்குள் கம்பி சுற்றும்போது மட்டும் இடது கைதான் முந்திக்கொண்டு போகும். எழுத அதற்குத் தெரியாது. எட்டு வயதில் என்னிடம் யாராவது ஒரு ஆள் விட்டுவிடாதே என்று சொல்லியிருந்தால்! சொல்லியிருக்கிறார். பச்சைத் துண்டு போட்ட நஞ்சுண்டன் அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல்வரைக்கும் வந்தும் இருக்கிறார். கீதாவின் வீட்டு வழியாக வந்த கடிதத்துக்குக் கீதாவின் பேர். கமிட்டிக் கடிதங்களின் பேரையெல்லாம் அலசி ஆராய்ந்த இந்த வாத்தியார், பிள்ளைக்கு எழுதியதை மட்டும் அப்படியே நம்பிவிட்டான். கடிதம் முழுக்க நான். பல் விழுந்தது நான், ரயிலுக்குப் பயந்தது நான், களி வேண்டாம் என்று அழுதது நான்.

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன்.

"கடைசிக் கடுதாசியில எங்கம்மாவுக்கும் ஒரு வார்த்தை இருக்குதுங்க" என்றாள் கீதா. "'அம்மாவிடம் சொல். கோபம் தீரும்போது தீரட்டும். தீராவிட்டாலும் நியாயம்தான்'னு. போலீஸ் வந்து போனதுல எங்கம்மா மாமா மேல வெசனமா இருந்தாங்க. அது அவருக்கு எப்படித் தெரியும்னு நான் ஆச்சரியப்பட்டிருக்கறேன்."

அம்மா அதைக் கேட்காமலே செத்துப்போனார். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அது என்னுடையது, கொடு. மூன்றே வார்த்தை. யாரும் மறுக்க முடியாது. எங்கள் தெருவை ஒட்டி ரயில் ஓடியதை ஊரே சொல்லும்.

அப்போது கீதா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து என் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் எலும்பு.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும். இத்தனை வருசமா உறுத்திக்கிட்டே இருக்குது. சாகறதுக்குள்ள கேட்டுப்போடோணும்னுதான் உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி அருளு தம்பிகிட்டச் சொன்னேன். மாமாவுக்குப் புள்ளை நீங்க இருக்கறப்போ எனக்கு எழுதியிருக்கறாரு. உங்களுக்கும் எழுதுனாருங்களா? எழுதலைன்னா, உங்க பங்கை நான் தின்னுபோட்ட மாதிரி ஆகுதுங்க்கா."

மோகனப்பிரியா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். பக்கத்துத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. சுவரிலிருந்த போட்டோக்களைப் பார்த்தேன். ரயிலே இல்லாத ஊரில் ரயிலுக்குப் பயந்த பிள்ளை. வராத ஆளுக்குக் காட்ட வேண்டுமே என்று கையை மாற்றிக்கொண்ட பிள்ளை. இவளிடமிருந்து அதைப் பிடுங்கினால் இவளிடம் மிச்சம் என்ன இருக்கும், அந்த வீங்கின வயிற்றைத் தவிர?

"எழுதுனாருங்க அம்மணி" என்றேன். "நெறைய எழுதுனாரு. எங்கம்மா எல்லாத்தையும் எரிச்சுப்போட்டாங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நல்லவேளைங்க்கா. நல்லவேளை" என்று என் கையை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

* * *

காங்கயம் வந்ததும் அருள்குமார் காரை ஓரமாக நிறுத்தினான்.

"ஏனுங்கம்மா, அன்னைக்கு ஒரு துண்டுக் காயிதம் வரலைன்னு சொன்னீங்க."

"கோவத்துல சொன்னேன்."

"உங்கம்மா எரிச்சது எந்த வருசம்ங்க? அடிக்குறிப்புல போட்டாகோணும். முக்கியமான தகவலுங்க இது. எவ்வளவு பெரிய இழப்பு!"

அடிக்குறிப்பு. என் அம்மா, ஒற்றைக் காயிதத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத ரங்கநாயகி, ஒரு புரட்சிக்காரரின் கடிதங்களை அடுப்பில் போட்டவராக அச்சில் ஏறப்போகிறார். இனி நூறு பேர் படித்துவிட்டு ச்சூ கொட்டுவார்கள். நான் சொன்னது பொய் என்றால் கீதாவின் மனசு உடையும். இரண்டு பேரில் ஒருத்தி. அம்மா செத்துவிட்டார், அவருக்கு வலிக்காது என்று சொல்லிக்கொண்டேன். அதை நம்பத்தான் முடியவில்லை.

"வருசம் ஞாபகமில்லை கண்ணு. போட்டுக்கோ. ஆனா அவங்க தம்பிக்குப் போலீஸ் அடியில காது போச்சுன்னும் சேத்துப் போடு."

"அது புத்தகத்துக்குச் சம்பந்தம் இல்லாததுங்கம்மா."

"அப்படின்னா என்னோட சம்மதமும் இல்லை. வண்டியை எடு."

போடுகிறேன் என்றான். அன்று நேராகப் பட்டறைக்குப் போய் இழுப்பறையிலிருந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு கீதாவையும் கோமளா என்று படித்தேன். ஒவ்வொரு மாமாவையும் நாயினா என்று படித்தேன், அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். புரட்சியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவித்த ஒரு ஆள்தான் இருந்தார். இந்த ஆளையா நான் ஐம்பது வருடம் வைதேன்! உட்கார்ந்து அழுதேன்.

* * *

புத்தகம் அச்சில் இருந்தபோது, ஐப்பசி மழையில், மோகனப்பிரியா போன் பண்ணினாள். அத்தை விடியற்காலையில் போய்விட்டது என்றாள். பஸ் பிடித்துப் போனேன். வீட்டுக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தது. பக்கத்துத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். படித்துப்போன பிள்ளைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அந்த நர்ஸ் பெண் கீதாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மின்மயானத்து வண்டி வந்து நின்றதும் மோகனப்பிரியா உள்ளே போய் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு சின்னக் கட்டைக் கொண்டுவந்தாள். என்ன அது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"கடுதாசியெல்லாம் தன்கூடவே வெச்சிரச் சொல்லுச்சுங்க அத்தை. சத்தியம் வாங்கிருச்சு. நீங்க மாமாவோட மக. உங்க கையால வெச்சிருங்க்கா."

அருள்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, எரிக்க உட்டுப்போடாதீங்க. காப்பகத்துல வெக்க வேண்டியதுங்க, ஒரிஜினல். கீதாக்காவும் இல்லை இனி. நீங்க வாரிசு, நீங்க தடுத்தா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

கட்டை வாங்கினேன். அப்பா தொட்ட தாள்கள் அப்போதுதான் முதல்முறையாக என் கைக்கு வந்தன. எடையே இல்லை. துணியின் ஓரத்தில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது, மடிப்பில் மஞ்சளாகிக் கிழிந்திருந்தது, அதில் அந்தச் சாய்வு எழுத்து. மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம்போல இருந்தது. அவன் சொன்னது சரிதான். கீதாவுக்கு இனி எதுவும் தெரியப்போவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது.

கீதாவின் கைகளை வயிற்றின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். இடது கை விரலில் பேனா பிடித்த காய்ப்பு தெரிந்தது.

"அது அவளுக்கு எழுதுனது கண்ணு" என்றேன் அருள்குமாரிடம். "அவகூடப் போறதுதான் மொறை."

குனிந்து கட்டை அவள் நெஞ்சில் வைக்கப் போனேன். பக்கத்தில் நின்ற சொந்தக்கார அம்மா ஒருத்தி என் தோளைத் தட்டினாள்.

"ஏனம்மணி, ஒரட்டாங்கையிலயா வெக்கறது? சோத்தாங்கையில வைம்மா. செத்தவங்களுக்கு ஆகாது."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கட்டு இடது கையில் இருந்தது. எப்போது மாறியதென்று தெரியவில்லை. எட்டு வயதிலிருந்து யாராவது தட்டியவுடனே மாற்றிக்கொண்ட கைதான் அது.

"பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு இடது கையாலேயே வைத்தேன். துணியின் முடிச்சைச் சரிசெய்து, அவள் கைகளை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆண்கள் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம், அதற்கு மேல் போகிற வழக்கமில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா எனக்கு எழுதியதெல்லாம் அந்த வண்டியில் போயிற்று.